எல்லாக் கட்டத்திலும் ‘அதிகம்’

அந்தப் புதன்கிழமை பின்னேரம் சரியாக நான்கு மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. நேரம் இவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்றால், பிள்ளை மடுவத்துச் சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் நான் அதைக் கெடுத்தேன்.

பிள்ளை மடுவம் என்பது, தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளையும் பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகும் இடம். றக்வானைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் அதற்கு நான் பொறுப்பு. உயர்தரம் படித்து, பிள்ளை பராமரிப்பில் டிப்ளோமாவும் முடித்தவள் என்பதால் எல்லோரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் அது என் மேசைக்குத்தான் வரும். அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, வீட்டுத்திட்டம், கண்ணாடிக்கான விண்ணப்பம் என்று நான் நிரப்பாத படிவம் இல்லை. நான் நிரப்பி அனுப்பியது திரும்பி வந்ததும் இல்லை. இதை நான் கொஞ்சம் அடிக்கடியே சொல்லிக்கொள்வேன் என்பது என் கணவரின் குற்றச்சாட்டு.

எங்களுக்கு ஒரே மகள். கேம்பஸில் இறுதி வருடம். கடைசி மூன்று மாதமும் வீட்டிலிருந்துதான் ஆய்வேடு எழுதினாள். ஆய்வு எங்கள் தோட்டத்தைப் பற்றியது: பால் கொடுக்கும் தாய், மலையிலிருந்து பிள்ளை மடுவத்துக்கு இறங்கி வந்து, பால் கொடுத்து, மறுபடி மலையேற எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரத்தில் தவறிப்போகும் கொழுந்தை அவள் எப்படி ஈடுகட்டுகிறாள் என்பது. கேட்கச் சின்ன விஷயம் போலத்தான் இருக்கும். ஆனால் அவள் கையில் கடிகாரத்தோடு ஒவ்வொரு தாயின் பின்னாலும் ஏறி இறங்கினாள். அட்டைக் கடி வாங்கினாள். இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். மலையில் நிற்கிற பெண்கள் அவளைக் கண்டதும், “இந்தா வருது பாருங்கடி, மணிக்கூடு” என்று சிரிப்பார்கள்.

ஆய்வேட்டை இணையத்தில் ஒப்படைக்கக் கடைசி நேரம் அந்தப் புதன்கிழமை நான்கரை மணி. அச்சுப் பிரதி மறுநாள் கேம்பஸில் இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது, பிள்ளை மடுவத்து வராந்தாவில்தான் இரண்டு கோடு காட்டும். மத்தியானத்திலிருந்து அங்கே உட்கார்ந்து, என் போனின் இணைப்பில் அவளுடைய லெப்டொப்பை வைத்து ஆய்வேட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். படங்கள் நிறைய இருந்ததால் அது ஊர்ந்தது. அச்சடித்துக் கட்டுவதற்குக் கஹவத்தைக்குப் போகவேண்டும், மூன்று மணி பஸ்ஸை விட்டால் கடை மூடிவிடுவார்கள். எழுபத்திரண்டு வீதத்தில் நிற்கும்போது பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது.

“அம்மா, நூறு ஆனதும் கீழ இருக்க பட்டன ஒரு தடவ அமுத்துங்க. பச்சையா ஒரு சரி அடையாளம் வரும். அவ்ளோதான். வேற ஒன்னும் செய்ய வேணாம்.”

வேற ஒன்றும் செய்ய வேண்டாம் என்றது எனக்கு நன்றாகவே கேட்டது. இதை நான் மறைக்கவில்லை.

நான்கு மணிக்குச் சற்று முன்னால் நூறு ஆனது. அமுத்தினேன். பச்சை அடையாளம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு படிவம் திறந்தது. இதை நிரப்பினால்தான் ஒப்படைப்பு முழுமையாகும் என்று மேலே சிவப்பில் இருந்தது. மகளுக்குப் போன் எடுக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அழைப்பு எடுத்தால் இணையம் அறுந்துபோகும் என்று அவளே சொல்லியிருந்தாள். எடுத்தாலும் அந்த வளைவுப் பாதையில் அவளுக்குக் கிடைத்திருக்காது. கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு மணி பத்து.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. வாசிக்க முடியாதவள் இல்லை நான். இந்த ஆய்வில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தினீர்களா, பின்வரும் ஒவ்வொன்றுக்கும் எந்த அளவில் என்று கேட்டிருந்தது. யோசனை தேடுவதற்கு, வாசிப்பதற்கு, எழுதுவதற்கு, மொழிபெயர்ப்பதற்கு, தரவை ஆராய்வதற்கு, மொழித் திருத்தத்துக்கு என்று ஆறு வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: இல்லை, கொஞ்சம், அதிகம்.

நான் எதற்காக அப்படிச் செய்தேன் என்பதை விளங்கப்படுத்த, பிள்ளை மடுவத்தை மேற்பார்வை செய்ய வருகிறவர்கள் கொண்டுவரும் படிவத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். விளையாட்டுப் பொருட்கள் பயன்படுத்தப்படுகின்றனவா, படப் புத்தகங்கள் பயன்படுத்தப்படுகின்றனவா, நவீன கற்பித்தல் சாதனங்கள் பயன்படுத்தப்படுகின்றனவா என்று அதில் கேட்பார்கள். அங்கேயும் இல்லை, கொஞ்சம், அதிகம்தான். வேலைக்கு வந்த முதல் வருடம் நான் உண்மையாகக் ‘கொஞ்சம்’ என்று போட்டேன். ஏன் கொஞ்சம், விளக்கம் தருக என்று கடிதம் வந்தது. தோட்ட மேனேஜரின் துரை பங்களாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அன்றிலிருந்து நான் எந்தச் சாதனத்துக்கும் ‘அதிகம்’ தவிர வேறொன்று போட்டதில்லை. மேற்பார்வைக்கு வரும் நாளில் அலுமாரியைத் திறந்து பொம்மைகளைப் பாயில் பரப்பிவிடுவோம். அவர்கள் போனதும் உடையாமல் பத்திரமாகப் பூட்டிவிடுவோம். எங்கள் வட்டாரத்தில் எல்லாப் பிள்ளை மடுவத்திலும் நடப்பதுதான்.

அன்றைக்கு அந்தத் திரையைப் பார்த்தபோது என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று. கொழும்புப் பிள்ளைகள் எல்லாம் ‘அதிகம்’ என்று போட்டிருப்பார்கள். தோட்டத்துப் பிள்ளை ‘இல்லை’ என்று போட்டால், பாவம், வசதியில்லாத வீடு என்று நினைப்பார்கள். பத்திரிகையில் வேறு தினமும் எல்லோரும் ஏஐ படிக்கவேண்டும் என்று எழுதுகிறார்கள். ஆகவே ஆறு வரியிலும் ‘அதிகம்’ போட்டேன். கீழே விளக்கம் எழுத ஒரு பெட்டி இருந்தது. பெட்டியை வெறுமையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. ‘எல்லா நவீன கருவிகளும் முழுமையாகவும் திருப்திகரமாகவும் பயன்படுத்தப்பட்டன. மேலும் கிடைத்தால் பயன்படுத்தத் தயாராக உள்ளோம்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அந்த ‘உள்ளோம்’ எனக்குப் பிடித்திருந்தது. நான்கு இருபதுக்கு பச்சை அடையாளம் வந்தது. ஒரு கோப்பை தேநீர் குடித்தேன்.

மகள் ஆறு மணி பஸ்ஸில் மூன்று கட்டிய பிரதிகளோடு சிரித்துக்கொண்டு வந்து இறங்கினாள். படிவம் ஒன்று வந்தது, நிரப்பிவிட்டேன் என்று சொன்னேன். களைப்பில் அவள் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குப் போகும் வழியில், பிள்ளை மடுவத்தடியில் நின்று போனைத் திறந்தாள். நிரப்பிய படிவத்தின் நகல் மின்னஞ்சலில் வந்திருந்தது. அவள் கத்தவில்லை. அப்படியே பின்னால் நகர்ந்து, பிள்ளைகளுக்கான ஒரு சாண் உயரக் கதிரையில் உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் தாடையைத் தொட்டன.

“அம்மா,” என்றாள். “நீங்க என்னைய மெஷினாக்கிட்டீங்க.”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்கு விளங்கியது. அவர்களுடைய கேம்பஸில் இந்தக் கருவிகளுக்குத் தடை இல்லை. எதற்குப் பயன்படுத்தினோம் என்று ஒளிக்காமல் சொல்லவேண்டும், அவ்வளவுதான். மொழித் திருத்தத்துக்கு என்றால் பரவாயில்லை. எழுதுவதையும் ஆராய்வதையும் அதனிடம் கொடுத்தால் அது மாணவரின் ஆய்வாகாது. அவள் உண்மையில் செய்தது, ஆங்கிலச் சுருக்கத்தில் இரண்டு பந்தியைத் திருத்தக் கொடுத்தது மட்டும்தான். நான் அவள் சார்பில், ஆய்வேடு முழுவதையும் இயந்திரமே எழுதியது, மேலும் கிடைத்தால் அதையும் எழுதுவோம் என்று கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லியிருந்தேன்.

ஆனால் அவள் முகம் வெளிறியது அதற்காக மட்டும் இல்லை. மொழிபெயர்ப்புக்கும் ஆராய்வதற்கும் ‘அதிகம்’ என்றால், தாய்மார் அவளிடம் பேசியதையெல்லாம் வெளியில் உள்ள ஒரு கருவிக்குக் கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். ஒவ்வொரு தாயிடமும், நீங்கள் சொல்வதை உங்கள் பேரோடு யாரிடமும் காட்டமாட்டேன், எழுதி முடித்ததும் ஒலிப்பதிவை அழித்துவிடுவேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். சொன்னபடி அழித்தும் விட்டாள். அவர்கள் சொன்னதில் வெளியே தெரியக்கூடாத ஒன்று இருந்தது. பால் கொடுக்கப் போனவள் கொழுந்து சேர்க்கும் படங்குச் சாக்கில், பக்கத்துத் தேயிலை நிரையில் நிற்பவள் இரண்டு கை கொழுந்தை அள்ளிப் போடுவாள். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது யாருடைய எடையும் குறையாது. கங்காணிக்கு இது தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறார். எந்த மலை, எந்த நிரை என்று நானும் இங்கே எழுதப்போவதில்லை. அவளுடைய ஆய்வேட்டிலும் ஊரும் பேரும் இல்லாமல்தான் இருந்தது.

அவள் அங்கேயே இருந்து துறைத் தலைவிக்கு மின்னஞ்சல் எழுதினாள். பிரதிகளைக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது பதிலும் கையில் இருந்தது. ஒப்படைத்த படிவத்தை மாற்ற முடியாது. அதை மாணவி நிரப்பவில்லை என்பதற்கு அவள் சொல் மட்டும் போதாது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மூன்று விரிவுரையாளர்கள் முன்னால், ஆய்வைத் தானே செய்தேன் என்பதற்கான குறிப்புகளோடும் ஆரம்ப வரைவுகளோடும் வரவேண்டும். அவர்கள் திருப்தியடையாவிட்டால் ஆய்வேடு நிராகரிக்கப்படும். அடுத்த தொகுதியோடு சேர்ந்து புதிதாக எழுதவேண்டும், பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. ஒரு இடத்தில்கூட அவளைக் கள்ளி என்று சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கடிதத்தை வாசித்துவிட்டு என் கணவர் என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்விதான்: “திருப்திகரமாவா எழுதின?”

வரைவுகள் லெப்டொப்பில் இருக்கின்றன, சரி, குறிப்புகள் எங்கே என்று கேட்டேன். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளை மடுவத்துச் சுவரைப் பார்த்தாள். சுவரில் பிள்ளைகளின் படங்கள் ஒட்டியிருந்தன. முந்தின வாரம் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முடித்த சந்தோஷத்தில், இனித் தேவையில்லை, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, பிள்ளைகள் படம் வரையட்டும் என்று தாள் கட்டை அவளேதான் என்னிடம் தந்தாள். இதையாவது நான் செய்யவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். நாற்பத்தொரு தாள். ஒரு பக்கத்தில் பென்சிலில் நேரங்களும், பேர் போடாமல் தாய்மாரின் பேச்சும். மறுபக்கத்தில் யானை, பஸ், சூரியன், பிறகு எது என்றே சொல்ல முடியாத பல உருவங்கள்.

சுவரில் பதினான்கு இருந்தன. மற்றதையெல்லாம் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நானும் மகளும் தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கினோம். எத்தனையோ வருடமாக அந்த வாசல்களுக்கு நான் போனது, தடுப்பூசி போடவில்லை, பிள்ளைக்கு எடை காணாது என்று குற்றம் சொல்லத்தான். இந்தத் தடவை நான் கேட்டுப் போகிறவள். அது எல்லோருக்கும் எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லி முடியாது. கதிரை போட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லவைத்தார்கள். மூன்றாவது லயத்துக்குப் போகும்போது கதை எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. “டீச்சர், எல்லாத்துக்கும் அதிகம்னு போட்டீங்களாமே” என்று வாசலிலேயே கேட்டார்கள்.

ஒரு தாள் சாமிப் படத்துக்குக் கீழே சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது. சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். ஒன்று கடுதாசிக் கப்பலாகி மழைத்தண்ணீர் ஓடும் கானில் போய்விட்டதாக அதன் உரிமையாளர் பெருமையோடு அறிவித்தார். ஒன்றைத் தகப்பன் மடித்து ஆடும் மேசைக் காலுக்கு அண்டை கொடுத்திருந்தார். எடுத்தபோது மேசை ஆடியது. பதிலுக்கு நான் பிள்ளை மடுவத்திலிருந்து ஒரு அட்டைத் துண்டு கொண்டுவந்து கொடுத்தேன். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தன் பஸ் படத்தைத் தர மறுத்துவிட்டாள். யார் கேட்டும் அசையவில்லை. கடைசியில் மகள் தரையில் உட்கார்ந்து, அதே பஸ்ஸை அதே நிறங்களில், அதே ஏழு சக்கரங்களோடு இன்னொரு தாளில் வரைந்து கொடுத்தாள். சிறுமி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரு சக்கரம் சின்னது என்று திருத்தச் சொன்னாள். அதைத் திருத்திய பிறகுதான் தந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முப்பத்துமூன்று தாள் சேர்ந்தது.

எனக்குப் பயமாக இருந்தது ஒரு வீடுதான். அங்கே இருப்பவள் மலையில் வேகமான கை என்று பேர் வாங்கியவள். வாய் அதைவிட வேகம். எட்டு மாதக் குழந்தைக்குத் தாய். மகளிடம் மனம் திறந்து அதிகம் பேசியது அவள்தான். இரண்டு கை கொழுந்து விஷயத்தை முதலில் சொன்னதும் அவள்தான். நான் செய்த காரியத்தால், அவள் சொன்னதை மகள் வெளியே கொடுத்துவிட்டாள் என்று அவள் நினைத்துவிட்டால் என்ன செய்வது? வாசலில் நின்று, வார்த்தை தேடித் தேடிச் சொன்னேன். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

“நான் சொன்னதயெல்லாம் மெஷின் எழுதிருச்சாமா?”

“அப்படித்தான் அங்க நெனைக்கிறாங்க.”

“அது எப்ப எங்கூட மலையேறிச்சி?”

மகளுக்கு நான்கு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழந்தையை என் கையில் கொடுத்து, அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனாள்.

தேநீர் குடிக்கும்போது மகள் கேம்பஸ் விதியை அவளுக்கு விளங்கப்படுத்தினாள். யார் உதவினாலும், எது உதவினாலும் சொல்லிவிடவேண்டும் என்று. அவள் கொஞ்சம் யோசித்தாள். நியாயமான விதிதான் என்றாள். தனக்கு இரண்டு கை கொழுந்து போடுகிறவள் யாரென்று தனக்குத் தெரியும், ஆனால் தன் கை இல்லாத நாளில் முழுப் படங்கையும் ஒருத்தி நிரப்பித் தந்தால் தான் வேலைக்குப் போனதாகச் சொல்ல முடியாதல்லவா என்றாள். அந்த ஐந்து பக்க விதிமுறையை நான் பிறகு முழுதாக வாசித்தேன். இதைவிடத் தெளிவாக அதில் எங்கும் இல்லை.

செவ்வாய்க்கிழமை நானும் வருகிறேன் என்றேன். மகள் ஒரேயடியாக மறுத்தாள்.

“வேணாம்மா. அங்க வந்து எதாச்சும் ஒரு கட்டத்துல டிக் போட்டுருவீங்க.”

தாள்களை ஒரு பழைய பால்மா அட்டைப்பெட்டியில் அடுக்கி, மேலே பொலித்தீன் சுற்றிக் கொண்டுபோனாள். திங்கட்கிழமை போய், தோழியின் அறையில் தங்கினாள். செவ்வாய் காலையிலிருந்து நான் வராந்தாவிலேயே இருந்தேன். பிள்ளைகளுக்குக் கஞ்சியில் இரண்டு தடவை உப்புப் போட்டேன் என்று எனக்கு உதவிக்கு இருக்கும் ஆயா சொன்னாள். பத்து மணி ஆனது. பத்தேகால் ஆனது. பால் கொடுக்கும் தாய்மார் இறங்கி வரத் தொடங்கினார்கள். அந்த வேகக் கைக்காரியும் வந்து மூலையில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அப்போதுதான் போன் அடித்தது.

மகள் இல்லை. துறைத் தலைவி. சிங்களத்தில் பேசினார். எங்கள் பக்கத்தில் சிங்களம் பேசாமல் சந்தைக்கும் போக முடியாது, ஆகவே மொழி பிரச்சினையில்லை. நாக்குதான் புரளவில்லை. மகள் பக்கத்தில்தான் இருக்கிறாள், அவள் சம்மதத்தோடுதான் கேட்கிறேன், படிவத்தை நிரப்பியது நீங்களா என்றார். ஆம் என்றேன். எல்லாவற்றுக்கும் ஏன் ‘அதிகம்’ என்று போட்டீர்கள் என்றார். பொய் சொல்ல அது இடமில்லை. பொம்மை அலுமாரி, மேற்பார்வைப் படிவம், முதல் வருடம் வந்த கடிதம், துரை பங்களா, கொழும்புப் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு ஆண் குரல் இருமியது. சிரிப்பை அடக்குகிறவர் இருமுவதுபோல இருந்தது. நான் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறவள், அந்த இருமல் எனக்குத் தெரியும்.

துறைத் தலைவி அடுத்துக் கேட்டது, ஆய்வில் பேசிய தாய்மாரில் யாராவது விரும்பிப் பேச முடியுமா என்று. நான் மூலையைப் பார்த்தேன். அவள் ஒரு கையால் குழந்தையை அணைத்தபடி, மறு கையை நீட்டினாள். போனை ஸ்பீக்கரில் வைத்தேன்.

மலையிலிருந்து இங்கே வர எத்தனை நிமிடம் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியாது, நான் மணி பார்த்து நடக்கிறதில்லை, மணி பார்த்து நடந்தது அந்தப் பிள்ளைதான், அவளிடம் கேளுங்கள் என்றாள் இவள். அவள் எங்கே நடந்தாள் என்றார். என் பின்னால், பதினொரு நாள், ஒரு நாள் பாலத்தடியில் விழுந்தாள், நான்தான் தூக்கினேன் என்றாள். பிறகு துறைத் தலைவி குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, தவறிப்போன கொழுந்தை எப்படி ஈடுகட்டுகிறீர்கள் என்று கேட்டார்.

ஆய்வேட்டின் உயிரே அந்தக் கேள்விதான். பதில் சொன்னால் மகள் தப்பிவிடுவாள். ஆனால் கேட்டுக்கொண்டு ஆயா இருக்கிறாள், வேறு தாய்மார் இருக்கிறார்கள், வாசலில் போகிற வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள். சிங்களத்தில் சொன்னதை அப்படியே எங்கள் பேச்சில் எழுதினால் இப்படித்தான் வரும்:

“அத நான் அந்தப் புள்ளகிட்ட சொன்னேன். ஒங்ககிட்ட சொல்ல மாட்டேன் மேடம். எம் பேரோட யார்கிட்டயும் காட்ட மாட்டேன்னு அவ கையெழுத்து வச்சி குடுத்திருக்கா. அந்தக் கடுதாசி எங்கிட்ட இருக்கு.”

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. அது நம்முடைய தாள்களா, அவர்களுடையதா என்று தெரியவில்லை. கடைசியில் துறைத் தலைவி, எனக்கு அது போதும், நன்றி என்றார். குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டார். எட்டு மாதம் என்றதும், என் பேரனுக்கும் அதுதான் என்றார். போன் வைக்கப்பட்டது. இவள் எழுந்து, குழந்தையை ஆயாவிடம் கொடுத்து, “லேட்டாயிருச்சி டீச்சர்” என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறினாள். அன்றைக்கு அவளுக்கு எத்தனை கை கொழுந்து கிடைத்தது என்று நான் விசாரிக்கவில்லை.

முடிவை எழுத்தில் அறிவிப்பார்கள், அதுவரை தோழியின் அறையிலேயே இருக்கிறேன் என்று மகள் பின்னேரம் போன் எடுத்துச் சொன்னாள். அதற்குப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் யார் எந்தப் படிவம் கொண்டுவந்தாலும் என் பேனா காகிதத்தில் இறங்கவில்லை. ஓய்வூதிய விண்ணப்பம் ஒன்றைக் கொண்டுவந்தவரிடம், இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம், இதை யார் வாசிப்பார்கள், நீங்கள் சொல்வது உண்மைதானா என்று அரை மணி நேரம் கேட்டேன். அவர் படிவத்தை எடுத்துக்கொண்டு, நாளைக்கு வாரேன் என்று போய்விட்டார். வரவில்லை. இப்போதும் மூன்று கட்டங்களை ஒரே வரியில் பார்த்தால் நான் பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

பதினோராவது நாள், சனிக்கிழமை, மழை விட்ட நேரம். நானும் கணவரும் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தோம். பஸ் நின்ற சத்தம் கேட்டது. மகள் வருவதாகச் சொல்லவே இல்லை. பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றுப் படியில் மெதுவாக ஏறி வந்தாள். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. என் கணவர் கையிலிருந்த விறகைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

“ஏத்துக்கிட்டாங்க,” என்றாள். “ரெண்டு எடத்துல திருத்தச் சொன்னாங்க, நேத்தே குடுத்துட்டேன்.”

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சேற்றுக் காலை நீட்டிக்கொண்டாள்.

“இன்னொன்னு இருக்கும்மா. அடுத்த வருஷத்துலருந்து அந்த ஃபோம தமிழ்லயும் சிங்களத்துலயும் குடுக்கப் போறாங்க. தமிழ்ல எழுத என்னையத்தான் கேட்டிருக்காங்க. எழுதி முடிச்சதும் மொதல்ல ஒங்ககிட்ட குடுத்து நெரப்பச் சொல்லணுமாம். நீங்க சரியா நெரப்பிட்டீங்கன்னா, வேற யாருக்கும் பெசகாதாம்.”